ஓரத்தில் அமர்ந்து எழுதுபவர் யார்?

குழந்தைகளின் வளர்ச்சியையும் மனநலத்தையும் பரிசோதிக்கும் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரின் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. மருத்துவர் பேசுகிறார், உளவியலாளர் பொம்மைகளையும் மரக்கட்டைகளையும் குழந்தையின் முன் வைக்கிறார். அவர்கள் யார் என்பது தெரிகிறது. ஆனால் அறையின் ஓரத்தில், கையில் குறிப்பேட்டுடனும் ஸ்டாப் வாட்சுடனும், ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டே இருக்கும் அந்த இளையவர் யார்? "அந்தப் பொண்ணு டாக்டருக்குப் படிக்குதா? எம்பிள்ளையப் பத்தி என்ன எழுதுது?" என்று வெளியே வந்த பின் செவிலியரிடம் கேட்கும் தாய்மார்கள் உண்டு. கேட்கத் தயங்கி, அந்தக் கவலையை உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ பேருந்தில் சுமந்து செல்பவர்களும் உண்டு.

பெரும்பாலும் அவர் உளவியல் பயிலும் மாணவர். ஆய்வு உதவியாளராகப் பணிபுரிபவர். அவருடைய பணி என்ன, அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, அவரிடம் பெற்றோர் எவற்றையெல்லாம் கேட்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தை வரும் முன்பும் சென்ற பின்பும்

ஆய்வு மாணவரின் வேலை குழந்தை அறைக்குள் நுழையும் முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் வேலை, வயதைச் சரியாகக் கணக்கிடுவது. எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் பிழைகள் எளிதில் நுழைகின்றன. "சித்திரைத் திருவிழாவுக்கு மறுவாரம் பிறந்தான்" என்று பாட்டி சொல்லும் தகவலைப் பிறப்புச் சான்றிதழோடும் தடுப்பூசி அட்டையோடும் ஒப்பிட்டு, நாள், மாதம், ஆண்டு என அவர் எழுதிக்கொள்கிறார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும், வளர்ச்சியைப் பொறுத்தவரை நான்கு மாதக் குழந்தையாகவே கருதப்படும். பொதுவாக இரண்டு வயது வரை இத்திருத்தம் செய்யப்படுகிறது. இதை மறந்தால், நலமாக வளரும் குழந்தையும் பின்தங்கிய குழந்தையாகத் தோன்றும்.

அடுத்து, குழந்தை உறங்கி எழுந்ததா, பசியோடு இருக்கிறதா, காய்ச்சல் இருந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்கிறார். மதுரையைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பூப்பறிக்கச் செல்லும் தாய், அந்த வேலையை முடித்துவிட்டுக் குழந்தையை அழைத்து வருகிறார் என்றால், குழந்தையும் அரைத் தூக்கத்தில்தான் எழுப்பப்பட்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் உள்ள குழந்தை பெயர் சொல்லி அழைத்தபோது திரும்பவில்லை என்பதற்கும், விழிப்போடு இருந்த குழந்தை திரும்பவில்லை என்பதற்கும் பொருள் வேறு.

குழந்தை வீடு திரும்பிய பின் நெடிய வேலை காத்திருக்கிறது. ஒப்புதலுடன் எடுக்கப்பட்ட காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, குழந்தை எத்தனை முறை தாயின் முகத்தை நோக்கியது, எத்தனை முறை விரலால் சுட்டிக் காட்டியது, அழத் தொடங்கி எத்தனை நொடியில் அமைதியானது எனப் பதிவு செய்ய வேண்டும். பத்து நிமிடக் காணொளிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கலாம். அதே காணொளியை இன்னொரு மாணவரும், முதல்வர் எழுதியதைப் பார்க்காமல், தனியாகப் பார்த்து எழுதுவார். பின்னர் இரண்டு பதிவுகளும் ஒப்பிடப்படும். தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைக் கழித்துவிட்டு, இருவரும் உண்மையிலேயே எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கும் முறையை ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960இல் வகுத்தார். ஒற்றுமை குறைவாக இருந்தால் இருவரும் மீண்டும் பயிற்சி பெற வேண்டும். ஒரு குழந்தையைப் பற்றி ஒருவருடைய கண் மட்டும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

உதவாமல் இருப்பது ஏன்?

துணியின் அடியில் மறைத்து வைத்த பொம்மையைக் குழந்தை தேடுகிறது. கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. ஓரத்தில் இருப்பவர் புன்னகைகூடச் செய்யாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். தாய்க்கோ, "கண்ணு, இந்தப் பக்கம் பாரு" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. "அம்மா, தயவுசெய்து ஒன்றும் சொல்லாதீர்கள்" என்கிறார் உளவியலாளர். சில ஆய்வுகளில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயையே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். இது கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். இதன் காரணத்தை ஒரு குதிரையின் கதை விளக்கும்.

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன், செருமனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பெரும் புகழ் பெற்றிருந்தது. மூன்றும் இரண்டும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் ஐந்து முறை தட்டும். அதன் உரிமையாளர் எவரையும் ஏமாற்றவில்லை. அவரே அதை நம்பினார். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் மாணவர் பொறுமையாகச் சோதித்து, 1907இல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் மிகச் சிறிதளவு அசைந்தன. குதிரை அந்த அசைவைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியது.

குதிரையால் படிக்க முடிந்த முகத்தைக் குழந்தையால் படிக்க முடியாதா? பேசத் தெரியாத குழந்தைக்குப் பெரியவர்களின் முகமே பாடநூல். மாணவர் ஒரு கணம் பொம்மை இருக்கும் பக்கம் பார்த்துவிட்டால் போதும், குழந்தையும் அங்கே பார்க்கும். அப்போது பதிவாவது குழந்தையின் திறன் அன்று, மாணவரின் கண்ணசைவு. அதன் விளைவாக, உதவி தேவைப்படும் குழந்தை "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற குறிப்போடு வீட்டுக்கு அனுப்பப்படலாம். எனவே அவருடைய மௌனம் அக்கறையின்மையன்று. அது பயின்று பெற்ற கட்டுப்பாடு.

ஆயினும் அக்கட்டுப்பாட்டுக்கும் எல்லை உண்டு. தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பை அறிய மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த புகழ்பெற்ற முறையில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுத் தாய் இருமுறை வெளியே சென்று திரும்புவார். அறிமுகமில்லாத ஒருவர் உடனிருப்பார். பல ஆய்வகங்களில் அப்பொறுப்பு பயிற்சி பெற்ற உதவியாளருடையது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ மூன்று நிமிடம். ஆனால் குழந்தை மிகவும் கலங்கி அழுதால் கட்டம் சுருக்கப்பட்டு, தாய் உடனே உள்ளே அழைக்கப்படுவார். அந்த ஆய்வில் முதன்மையாகப் பார்க்கப்படுவது குழந்தை எவ்வளவு அழுதது என்பதன்று. தாய் திரும்பி வந்ததும் அது எவ்வாறு தேறியது என்பதே.

இரண்டு மாணவியர்

ஆய்வு மாணவர் ஒருவரால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு நன்மையும் எவ்வளவு தீமையும் விளையக்கூடும் என்பதற்கு உளவியல் வரலாற்றில் இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது, நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற ஆய்வு மாணவி செய்த பணி. பீட்டர் எனக் குறிப்பிடப்பட்ட, மூன்று வயது நிரம்பாத சிறுவன் முயலைக் கண்டாலே நடுங்கினான். அவன் விரும்பி உண்ணும் நேரத்தில், முயலைத் தொலைவில் வைத்துத் தொடங்கி, அவன் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார் ஜோன்ஸ். அச்சமற்ற பிற குழந்தைகளையும் உடன் விளையாட விட்டார். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1924இல் வெளிவந்த இப்பதிவு, அச்ச நோய்களுக்கு இன்று அளிக்கப்படும் படிப்படியான பயிற்சிச் சிகிச்சைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இரண்டாவது நிகழ்வு 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்தது. திக்குவாய் எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய்ந்துவந்த வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர், மேரி டியூடர் என்ற மாணவியை டாவன்போர்ட் நகரின் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பினார். ஆய்வில் 22 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சரளமாகப் பேசிக்கொண்டிருந்த 6 குழந்தைகளிடம், அவர்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டதாகவும், தடையின்றிப் பேச முடியாவிட்டால் பேசாமலே இருப்பது நல்லது என்றும் சொல்லப்பட்டது. அது ஓர் ஆய்வு என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. அவர்களுக்காக "வேண்டாம்" என்று சொல்லப் பெற்றோரும் அருகில் இல்லை. சில மாதங்களில் அவர்கள் பேசத் தயங்கி, கூசி, ஒதுங்கினர். டியூடர் மனம் வருந்தி, ஆய்வு முடிந்த பின்னும் மூன்று முறை அங்கே சென்று, அவர்கள் பேச்சில் குறை இல்லை என்று எடுத்துக்கூறினார். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது எளிதாக இல்லை. 2001இல் ஒரு நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்த பின்னரே பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. 2007இல் அயோவா மாநிலம், அப்போது முதுமை எய்திவிட்ட அவர்களுக்கும் மறைந்தவர்களின் வாரிசுகளுக்கும் 9,25,000 டாலர் இழப்பீடு வழங்க உடன்பட்டது.

இவ்விரு மாணவியரிடமும் அறிவும் உழைப்பும் இருந்தன. வேறுபாடு எங்கே என்று பார்த்தால், முதல் ஆய்வு குழந்தையால் தாங்க இயன்ற அளவை மதித்து நகர்ந்தது. இரண்டாவது, குழந்தையின் மீது ஒரு முத்திரையைக் குத்தியது. அதனால்தான் ஆய்வு மாணவர் குழந்தையின் நிலை குறித்துப் பெற்றோரிடமோ குழந்தையிடமோ தம் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது அடிப்படை விதியாக உள்ளது. "ஆட்டிசம் மாதிரி தெரியுது", "இவனுக்குக் கவனம் கம்மி" என்று தாழ்வாரத்தில் போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் உறக்கத்தைப் பல மாதம் கெடுத்துவிடும். நோயைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பு மருத்துவருக்கும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளருக்கும் உரியது. மாணவர் ஏதேனும் சொல்லிவிட்டால் அதை முடிவாகக் கொள்ளாமல் அவர்களிடமே கேளுங்கள்.

வேலூரில் ஒரு நெடும்பயணம்

பொறுமையாகப் பார்த்து எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே விடை உண்டு. குழந்தைப் பருவத்தில் ஊட்டச்சத்தும் நோய்த்தொற்றும் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை எட்டு நாடுகளில் ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், இந்தியாவின் சார்பில் பங்கேற்றது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 2010 முதல் 2012 வரை, வேலூரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். களப்பணியாளர்கள் இரண்டு வயது வரை ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் இருமுறை சென்றனர். ஒரு குழந்தைக்கு மட்டும் ஏறத்தாழ 200 வருகைகள். ஒவ்வொரு முறையும் வயிற்றுப்போக்கு உண்டா, காய்ச்சல் உண்டா, தாய்ப்பால் தரப்படுகிறதா என்ற அதே கேள்விகள், அதே பொறுமை. குறித்த வயதுகளில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் அளக்கப்பட்டது.

இரண்டு வயதில் 228 குழந்தைகளும், ஐந்து வயதில் 212 குழந்தைகளும் ஆய்வில் தொடர்ந்தனர். வேலை தேடி இடம் பெயர்வது வழக்கமான குடியிருப்புகளில் இத்தனை குடும்பங்கள் ஐந்தாண்டுகள் கதவைத் திறந்து வைத்திருந்தது, வாசலில் வந்து நின்றவர் மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையைக் காட்டுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் உயரம் குன்றிய குழந்தைகள் ஐந்து வயதில் அறிவுத்திறன் அளவைகளிலும் பின்தங்கியிருந்ததை அப்பதிவுகள் புலப்படுத்தின. அந்த முதல் இரண்டு ஆண்டுகளின் உணவும் உடல்நலமும் பள்ளிப் பருவம் வரை தொடர்ந்து வருகின்றன என்று மருத்துவர் உங்களிடம் வலியுறுத்தும்போது, அச்சொல்லின் பின்னே இத்தகைய குடும்பங்கள் திறந்து வைத்த கதவுகள் இருக்கின்றன.

மதுரைக் குழந்தையும் சோதனைத்தாளும்

சோதனைகள் பல, வேறு நாடுகளிலிருந்து வந்தவை. அவற்றை நம் மண்ணுக்கு ஏற்றவாறு அமைக்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. நாக்பூரில் ஏ. ஜே. மாலின் அமைத்த இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவுகோல், பிறப்பு முதல் 15 வயது வரையிலான வளர்ச்சியை 88 கூறுகளால் பார்க்கும் பாரத் ராஜின் அளவை, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை 17 கூறுகளால் விரைந்து பார்க்கும் திருவனந்தபுரம் அட்டவணை ஆகியவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

எனினும் அச்சிட்ட தாள் குழந்தையின் வீட்டு மொழியை அறியாது. படத்தில் உள்ள முதியவளைக் காட்டி "யார்?" என்று கேட்டால், தாளில் எதிர்பார்க்கப்படும் விடை "பாட்டி". மதுரைப் பக்கத்துக் குழந்தை "அப்பத்தா" என்றோ "அம்மாச்சி" என்றோ சொல்லும். அது சரியான விடை மட்டுமன்று. அப்பா வழியையும் அம்மா வழியையும் பிரித்தறியும் செறிவான விடையுமாகும். வீட்டில் சௌராட்டிரமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் மதுரையில் ஏராளம். அக்குழந்தைகள் சோற்றுக்கும் நீருக்கும் வீட்டு மொழியில் ஒரு சொல்லும் தெருவில் இன்னொரு சொல்லும் அறிந்திருப்பார்கள். தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் குறைவாகத் தோன்றும். இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால்தான் குழந்தையின் உண்மையான சொல்வளம் தெரியும்.

இங்கே பெற்றோரின் துணை இன்றியமையாதது. "எங்க வீட்டுல இத வேற மாதிரி சொல்லுவோம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மாணவர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது அவருடைய கடமை. பெற்றோர் திருத்தும்போது முகம் சுளிக்காமல் கேட்டு எழுதுபவரே நல்ல ஆய்வு மாணவர்.

"வேண்டாம்" என்று சொல்லும் உரிமை

எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சிகிச்சை வேறு, ஆய்வு வேறு. உங்கள் குழந்தைக்குத் தேவைப்படும் பரிசோதனையும் பயிற்சியும் சிகிச்சையைச் சேர்ந்தவை. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதிலிருந்து, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டு, தேவைப்படுவோர் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். அவ்வாறு வரும் குழந்தைக்குச் சேவை பெறும் உரிமை உண்டு. ஓர் ஆய்வில் சேர மறுத்ததால் அவ்வுரிமை சிறிதும் குறையாது. வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவதோ, மருத்துவர் முகம் வாடுவதோ கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். குழந்தையைச் சேர்க்கப் பெற்றோரின் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். 7 முதல் 11 வயது வரையுள்ள குழந்தையிடம், பெற்றோர் முன்னிலையில், வாய்மொழியாக இசைவு கேட்க வேண்டும். 12 வயதுக்கு மேல் 18 வயது வரை எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும். ஒப்புதல் தந்த பின்னும், காரணம் கூறாமலே, எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். கைநாட்டு வைப்பவருக்கு முழுத் தாளும் ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்டப்பட வேண்டும். ஆய்வுக்கென்று உங்களிடம் கட்டணம் பெறக் கூடாது.

பேசத் தெரியாத குழந்தைக்கும் "வேண்டாம்" என்று சொல்லும் மொழி உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கட்டையைத் தள்ளிவிடும், தாயின் தோளில் முகம் புதைக்கும். அதைப் புரிந்துகொண்டு, "இன்று போதும்" என்று நிறுத்தத் தெரிந்திருப்பது மாணவர் கற்க வேண்டிய பாடங்களில் தலையாயது. அவர் நிறுத்தாவிட்டால் நீங்கள் நிறுத்தலாம்.

தகவல்கள் பெயரின்றி, குறியீட்டு எண்ணுடன் பாதுகாக்கப்படும். இதற்கு ஒரு விதிவிலக்கை மட்டும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். குழந்தை பாலியல் துன்பத்துக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அனைவருடைய கடமை. ஆய்வு மாணவரும் அதற்கு விலக்கல்லர்.

கேட்க வேண்டியவை

அடுத்த முறை ஓரத்தில் ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பதைக் கண்டால், தயங்காமல் கேளுங்கள்: "நீங்கள் யார்? எந்தக் கல்லூரி? உங்களுக்குப் பொறுப்பான பேராசிரியர் யார்? இது என் பிள்ளையின் சிகிச்சைக்காகவா, ஆய்வுக்காகவா? காணொளி எடுக்கிறீர்களா? அதை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்? ஆய்வில் தெரிந்ததை எங்களுக்கும் சொல்வீர்களா?" இவற்றுக்கு விடை சொல்வது அவருக்குத் தொல்லை அன்று, அவருடைய பயிற்சியின் ஒரு பகுதி. விடை தெளிவாக வராவிட்டால், தாளில் கையெழுத்திடாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பத்தாரோடு கலந்து பேசி, அடுத்த வருகையில் பதில் சொல்லலாம்.

விடைகள் உங்களுக்கு நிறைவளித்து, நீங்களும் மனமுவந்து சம்மதித்தால், உங்கள் குழந்தை கட்டையை அடுக்கிய அந்தப் பத்து நிமிடம், இனி பிறக்கவிருக்கும் ஒரு குழந்தையின் குறையை ஆறு மாதம் முன்னதாகக் கண்டறிய உதவக்கூடும். சம்மதிக்காவிட்டாலும் உங்கள் குழந்தைக்கு உரிய கவனிப்பில் குறை இராது. இவ்விரண்டையும் பெற்றோருக்குத் தெளிவாகச் சொன்ன பிறகே மாணவர் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.